கொப்பரைப் பேனும் தென்னைக் காவலும்: மாற்று இரையில் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன் வளர்ப்பு

ஆய்வுச் சுருக்கம்

பயிர்களைத் தாக்கும் நுண்ணிய பூச்சிகளையும் சிலந்திப்பேன்களையும் உண்டு அழிக்கும் இரைவிழுங்கிச் சிலந்திப்பேன்கள் உயிரியல் முறைப் பயிர்ப் பாதுகாப்பில் முதன்மையான இடத்தைப் பெற்றுள்ளன. அவற்றைப் பெருமளவில் வளர்ப்பதற்கு அவற்றின் இயற்கை இரையையே வளர்க்க வேண்டியிருப்பது நீண்டகாலத் தடையாக இருந்தது. சேமிப்புப் பொருள்களில் வாழும் வேறு சிலந்திப்பேன்களை இரையாகக் கொடுத்து இத்தடை கடக்கப்பட்ட முறையையும், அம்முறையின் எல்லைகளையும், இலங்கையில் தென்னைக்கு அது பயன்படுத்தப்பட்ட வகையையும் இக்கட்டுரை விளக்குகின்றது.

முக்கியச் சொற்கள்: இரைவிழுங்கி, மாற்று இரை, உயிரியல் கட்டுப்பாடு, தென்னை, ஈரியோபைட் சிலந்திப்பேன், தவிடு, கொப்பரை.

முன்னுரை

தென்னங்குரும்பையின் காம்புப் புறத்தை மூடிநிற்கும் இதழ்களுக்கு அடியில், வெயிலும் மழையும் மருந்தும் எட்டாத இடுக்கில் வாழ்வது ஈரியோபைட் சிலந்திப்பேன். அசேரியா குரெரோனிஸ் என்பது இதன் அறிவியற் பெயர். மெக்சிகோ நாட்டின் குரெரோ மாநிலத்திலிருந்து பெற்ற மாதிரிகளைக் கொண்டு 1965ஆம் ஆண்டு கைஃபர் இதனை விவரித்தார். பெயரும் அம்மாநிலத்தின் வழியே வந்தது. இலங்கையில் 1997ஆம் ஆண்டின் இறுதியில் கற்பிட்டிப் பகுதியிலும், இந்தியாவில் 1998ஆம் ஆண்டு கேரளத்தின் எர்ணாகுளம் பகுதியிலும் இதன் தாக்குதல் அறியப்பட்டது. அங்கிருந்து தமிழகத்தின் தென்னந்தோப்புகளுக்குப் பரவ நெடுங்காலம் ஆகவில்லை. காற்றே இதன் வாகனம்.

குரும்பையின் இதழ் விளிம்பிற்குக் கீழே முதலில் வெளிறிய முக்கோணத் திட்டு தோன்றும். அது பழுப்பாகி, காய் பருக்கப் பருக்க வெடித்து, பிசின் வடியும். குரும்பைகள் உதிர்வதும், எஞ்சியவை சிறுத்து வடிவம் கெடுவதும், மட்டை இறுகி உரிப்பதற்குக் கடினமாவதும் விவசாயிகள் நன்கறிந்த விளைவுகள். தெளிக்கும் மருந்து இதழ்களுக்கு அடியில் செல்வதில்லை. வேர்வழி மருந்தூட்டல் பரிந்துரைக்கப்பட்டது. ஆனால் ஆண்டு முழுவதும் பாளை விட்டுக்கொண்டே இருக்கும் மரத்திற்கு அதனைத் திரும்பத் திரும்பச் செய்ய வேண்டும். எனவே மருந்து நுழையாத இடுக்கில் தானே நுழைந்து செல்லும் ஓர் உயிரியைத் துணைக்கு அழைக்க வேண்டியதாயிற்று. அவ்வுயிரியைக் கண்டறிவது எளிதாகவே இருந்தது. அதனை இலட்சக்கணக்கில் பெருக்குவதுதான் கடினம்.

சொல்லாட்சி பற்றி ஒரு குறிப்பு

தமிழில் இவ்வுயிரினங்களுக்கு நிலைபெற்ற பெயர் இன்னும் அமையவில்லை. தேயிலைத் தோட்டத்தில் செஞ்சிலந்தி என்கின்றனர். தென்னந்தோப்பில் ஈரியோபைட் சிலந்தி என்கின்றனர். பாடநூல்கள் சிற்றுண்ணி என்றும் சிலந்திப்பேன் என்றும் எழுதுகின்றன. இவை சிலந்தியும் அல்ல, பேனும் அல்ல. சிலந்தியோடு உறவுடைய, பொதுவாக எட்டுக் கால்கள் கொண்ட, பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான நீளமுடைய தனிப் பிரிவு இது. (ஈரியோபைட் வகைக்கு மட்டும் வாழ்நாள் முழுவதும் நான்கே கால்கள்.) மக்கள் வழக்கில் வேரூன்றிய சொல் என்பதால் சிலந்திப்பேன் என்னும் சொல்லே இக்கட்டுரையில் எடுத்தாளப்படுகின்றது. பிற உயிரிகளைப் பிடித்து உண்பவற்றை வேளாண் நூல்கள் வழங்குமாறு இரைவிழுங்கி என்றும், இயற்கையில் அது தேடிச் செல்லும் இரைக்குப் பதிலாக வளர்ப்பறையில் கொடுக்கப்படுவதை மாற்று இரை என்றும் குறிக்கலாம்.

மாற்று இரை என்னும் கருத்து தமிழக விவசாயிகளுக்குப் புதிதன்று. கரும்பின் இடைக்கணுப் புழுவிற்கு எதிராகக் கட்டப்படும் டிரைக்கோகிரம்மா முட்டை அட்டையில் இருப்பவை இடைக்கணுப் புழுவின் முட்டைகள் அல்ல. உடைத்த கம்பில் வளர்க்கப்பட்ட கார்சைரா என்னும் அரிசி அந்துப்பூச்சியின் முட்டைகள். வயலில் உள்ள பகையை வளர்க்காமல், கிடங்கில் எளிதாகப் பெருகும் ஒன்றை வளர்த்து, அதன்மேல் காவலனைப் பெருக்கும் அதே வழிதான் இங்கும் பின்பற்றப்படுகின்றது.

இரைக்காக ஒரு தோட்டம்

இரைவிழுங்கிகளுள் பயிர்ப் பாதுகாப்பிற்கு மிகுதியும் பயன்படுபவை ஃபைட்டோசியிடே என்னும் குடும்பத்தைச் சேர்ந்தவை. முட்டை, ஆறு கால் இளம்பருவம், எட்டுக் கால் கொண்ட இரு இடைப்பருவங்கள், முதிர்பருவம் என்னும் வளர்ச்சியை 25 பாகை செல்சியசு அளவிலான வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு வாரத்தில் முடித்துக்கொள்ளும். இவ்வேகமே இவற்றின் வலிமை.

இக்குடும்பத்தில் முதலில் வணிகப் பொருளானது ஃபைட்டோசியூலஸ் பெர்சிமிலிஸ். சிலியிலிருந்து ஆர்க்கிட் செடிகளோடு 1950களின் இறுதியில் செருமனிக்கு வந்துசேர்ந்த இவ்வினம், பசுமைக்குடில்களில் பெருந்தொல்லை கொடுத்த இருபுள்ளிச் சிலந்திப்பேனை வெறிகொண்டு உண்பதை அங்குள்ள ஆய்வாளர்கள் கண்டனர். நெதர்லாந்தில் வெள்ளரி பயிரிட்டுவந்த யான் கோப்பெர்ட் 1960களின் இறுதியில் இதனை வளர்த்து விற்கத் தொடங்கினார். எனினும் இதன் வளர்ப்பு முறை பெருஞ்செலவுடையது. முதலில் ஒரு குடிலில் அவரைச் செடிகளை நோயின்றி வளர்க்க வேண்டும். இரண்டாம் குடிலில் அச்செடிகளில் இருபுள்ளிச் சிலந்திப்பேனை ஏற்றிப் பெருக்க வேண்டும். மூன்றாம் குடிலில் இரைவிழுங்கியை விட்டு அறுவடை செய்ய வேண்டும். மூன்றாம் குடிலின் இரைவிழுங்கி எவ்வாறேனும் இரண்டாம் குடிலுக்குள் நுழைந்துவிட்டால், இரை பெருகும் முன்பே அழிந்து, தொழிற்சாலை முழுவதும் நின்றுவிடும். காவலனை வளர்ப்பதற்காகப் பகைவனுக்கு ஒரு தோட்டம் போட்டுக் கொடுக்கும் இம்முறை, குறைந்த பரப்பில் மிகுந்த வருவாய் தரும் பயிர்களுக்கு மட்டுமே கட்டுபடியாகும்.

தவிட்டில் பிறந்த வழி

இலைப்பேன்களைக் கட்டுப்படுத்த வேண்டிய தேவை எழுந்தபோது வேறு வழி திறந்தது. நெதர்லாந்தைச் சேர்ந்த ராமக்கர்ஸ் என்பவரும் உடன் ஆய்வாளரும் 1980களின் தொடக்கத்தில் வெளியிட்ட ஆய்வுகள், கோதுமைத் தவிட்டில் பெருகும் அக்காரஸ் வகைச் சிலந்திப்பேனை உண்டு நியோசியூலஸ் குக்குமெரிசும் அதன் உறவினமான நியோசியூலஸ் பார்க்கரியும் தலைமுறை தலைமுறையாகப் பெருகும் என்பதைக் காட்டின. செடி வேண்டாம், குடில் வேண்டாம், ஒளியும் வேண்டாம். தவிட்டில் ஈரம் சேர்த்தால் கிடங்குச் சிலந்திப்பேன் அதனையும் அதில் படரும் பூஞ்சணத்தையும் தின்று பெருகும். இரைவிழுங்கி அதனைத் தின்று பெருகும். ஓர் அறைக்குள் அடுக்கிய தொட்டிகளில் இவை அனைத்தும் நிகழும். உற்பத்திச் செலவு பெரிதும் வீழ்ந்தது.

செலவு குறைந்ததைக் காட்டிலும் முக்கியமான விளைவு ஒன்று சில ஆண்டுகள் கழித்துத் தெரியவந்தது. வளர்ப்புத் தொட்டியையே சிறிதாக்கிச் செடியில் தொங்கவிட முடியும் என்பதே அது. தவிடு, இரை, இரைவிழுங்கி ஆகிய மூன்றையும் ஒரு தாள்பையில் இட்டுச் சிறு துளையிட்டுத் தொங்கவிட்டால், உள்ளே இனப்பெருக்கம் நடந்துகொண்டே இருக்க, நான்கு முதல் ஆறு வாரங்கள் வரை இரைவிழுங்கிகள் துளைவழியே வெளியேறிச் செடியில் பரவும். இலைப்பேனின் முதல் இளம்பருவத்தை மட்டுமே குக்குமெரிசால் வெல்ல முடியும். முதிர்ந்த இலைப்பேன் அதற்குப் பெரிது. ஆகவே ஒரே நாளில் ஆயிரம் இரைவிழுங்கிகளை விடுவதைவிட, நாள்தோறும் சிலவற்றை விடும் இம்முறை அதன் இயல்பிற்கு மிகவும் பொருந்தியது. இரைவிழுங்கியின் வலுக்குறைவை வளர்ப்பு முறை ஈடுசெய்த அரிய எடுத்துக்காட்டு இது.

இவ்வழியின் பெரும் வெற்றி ஆம்பிளிசியஸ் சுவிர்ஸ்கி. இசுரேலில் வாதுமை மரத்திலிருந்து பெறப்பட்டு 1962ஆம் ஆண்டு விவரிக்கப்பட்ட இவ்வினம், வெள்ளை ஈயின் முட்டையையும் இளம்பருவத்தையும் இலைப்பேனையும் ஒருங்கே உண்ணும். உலர்பழங்களில் வாழும் கார்ப்போகிளைஃபஸ் லாக்டிஸ் என்னும் சிலந்திப்பேனில் இதனை மலிவாக வளர்க்கலாம் எனக் கண்ட பின்னர் 2005ஆம் ஆண்டளவில் இது விற்பனைக்கு வந்தது. அடுத்த ஆண்டின் இறுதியில் ஸ்பெயின் நாட்டின் அல்மெரியாவிலிருந்து சென்ற குடைமிளகாயில் தடைசெய்யப்பட்ட ஐசோஃபென்ஃபாஸ்-மெத்தில் எச்சம் கண்டறியப்பட, ஐரோப்பியச் சந்தை அதிர்ந்தது. அங்குள்ள குடைமிளகாய் விவசாயிகள் மிகச் சில பருவங்களிலேயே உயிரியல் முறைக்கு மாறினர். அவர்கள் மாற விரும்பிய வேளையில் வேண்டிய எண்ணிக்கையில் இரைவிழுங்கி கிடைத்தமைக்கு உலர்பழச் சிலந்திப்பேனே காரணம். தொழிற்கூட வளர்ப்பு முறை ஆயத்தமாக இல்லாதிருந்தால், அந்த அதிர்ச்சி மற்றொரு மருந்தை நோக்கியே அவர்களைத் தள்ளியிருக்கும் எனக் கருத இடமுண்டு.

எல்லா இரைவிழுங்கிக்கும் இவ்வழி ஏற்குமா?

ஏற்காது. மெக்மர்ட்ரியும் கிராஃப்டும் 1997ஆம் ஆண்டு ஃபைட்டோசியிடே குடும்பத்தினை உணவுப் பழக்கத்தின் அடிப்படையில் நான்காக வகுத்தனர். முதல் வகை குறிப்பிட்ட சிலந்திப்பேன்களை மட்டுமே உண்பது. பெர்சிமிலிஸ் இதில் அடங்கும். இரண்டாம் வகை அவற்றையே பெரிதும் நாடினாலும் பிறவற்றையும் ஓரளவு ஏற்பது. மூன்றாம் வகை பலவற்றை உண்பது. நான்காம் வகை மகரந்தத்தையே சிறப்பாக நாடுவது. மாற்று இரை வளர்ப்பு மூன்றாம் வகைக்கே இயல்பாகப் பொருந்துகின்றது. முதல் வகையைத் தவிட்டில் வளர்க்க முடியாததால், பெர்சிமிலிசுக்கு அவரைச் செடி இன்றும் தேவைப்படுகின்றது.

தமிழகத்திற்கு இவ்வேறுபாடு வெறும் வகைப்பாட்டுச் செய்தி அன்று. வால்பாறையில் உள்ள உபாசி தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் தேயிலைச் செஞ்சிலந்திக்கு எதிராக ஆராய்ந்த நியோசியூலஸ் லாங்கிஸ்பைனோசஸ், சிலந்திப்பேன்களையே பெரிதும் சார்ந்து வாழும் இனம். குடைமிளகாய்க்குக் கிடைத்த மலிவு தேயிலைக்கும் கிடைக்கும் என்று எதிர்பார்ப்பவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதனைத்தான். மலைச்சரிவில் பரந்துகிடக்கும் தேயிலைக்கு அவரைச் செடியில் வளர்த்த இரைவிழுங்கியை அனுப்புவது செலவுக் கணக்கில் எளிதன்று.

இரையை உண்டு உயிர்வாழ்வது வேறு; அவ்விரையால் முழுமை பெறுவது வேறு. ஓவர்மீரும் வான் சோனும் 1983ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வு இதனை நன்கு உணர்த்துகின்றது. ஆம்பிளிசியஸ் பொட்டென்டில்லே என்று அப்போது வழங்கப்பட்ட இரைவிழுங்கி, பகல் குறுகும்போது முட்டையிடுவதை நிறுத்திக் குளிர்கால ஓய்வில் ஆழும். கரோட்டினாய்டு இல்லாத மகரந்தத்தில் வளர்த்தபோது அது நலமாகவே வாழ்ந்து பெருகியது. ஆனால் பகலின் நீளத்தை அறியும் திறனை இழந்திருந்தது. உணவில் கரோட்டின் அல்லது உயிர்ச்சத்து ஏ சேர்க்கப்பட்டபோது அத்திறன் மீண்டது. வளர்ப்பறையில் முட்டைகளை மட்டும் எண்ணிக்கொண்டிருந்தால் இக்குறை புலப்பட்டிருக்காது. இரைவிழுங்கியின் தரத்தை எண்ணிக்கையால் மட்டும் அளப்பது தவறு என்பதற்கு இதனினும் தெளிவான சான்று தேவையில்லை.

கொப்பரைப் பேன்

மாற்று இரையாக உலகெங்கும் மிகுதியும் பயன்படுவனவற்றுள் ஒன்று டைரோபேகஸ் புட்ரசென்ஷியே. தவிடு, பாலாடைக்கட்டி, எண்ணெய் வித்து, உலர்மீன் எனக் கொழுப்பும் புரதமும் மிக்க எதிலும் இது பெருகும்; பூஞ்சணம் இதற்கு விருப்ப உணவு. தென்னை நாட்டார்க்கு இது பழைய அறிமுகம். கொழும்பில் பணியாற்றிய மருத்துவர் ஆல்டோ காசுடெல்லானி, கொப்பரைக் கிடங்கில் வேலை செய்தவர்களின் உடலில் தோன்றிய கடும் அரிப்பை 1912ஆம் ஆண்டு விவரித்தார். அதற்குக் காரணமான சிலந்திப்பேனுக்கு அதே ஆண்டில் ஹெர்ஸ்ட் அவர் பெயரையே சூட்டினார். பின்னாளில் அது புட்ரசென்ஷியே இனத்தோடு ஒன்றாக்கப்பட்டது. கொப்பரைத் தொழிலாளியின் தோலை அரித்த அதே உயிரி, ஒரு நூற்றாண்டு கழித்துத் தென்னையின் காவலனுக்கு உணவாகின்றது.

இவ்வரலாறு வளர்ப்பறைக்கு ஓர் எச்சரிக்கையும் ஆகும். புட்ரசென்ஷியே ஒவ்வாமையைத் தோற்றுவிப்பது நன்கு உறுதிப்பட்ட செய்தி. இரைவிழுங்கியும் குற்றமற்றதன்று: நெதர்லாந்தின் குடைமிளகாய்க் குடில்களில் வேலை செய்தோரிடையே குக்குமெரிசால் ஒவ்வாமை உண்டாவது 2002ஆம் ஆண்டு வெளியான மருத்துவ ஆய்வில் பதிவாகியுள்ளது. நாள்தோறும் தவிட்டைக் கிளறிச் சலித்து அளப்போர் பெரும்பாலும் குறைந்த கூலி பெறும் பெண்களாக அமையும் நம் சூழலில், முகக்கவசமும் காற்றோட்டமும் வளர்ப்புச் செலவுக் கணக்கின் முதல் வரியில் இடம்பெற வேண்டியவை. மருந்தில்லா வேளாண்மை என்னும் பெயர் அவ்வறைக்குள் இருப்பவர்களைத் தானாகக் காப்பதில்லை.

வேறு இடர்களும் உள்ளன. தவிட்டில் அடர்ந்து பெருகும் சிலந்திப்பேன்கள் மூச்சுவிடுவதால் வெப்பமும் நீராவியும் கரியமிலவாயுவும் திரளும். கிளறிக் காற்றூட்டாத தொட்டியின் நடுப்பகுதி சூடேறி, வளர்ப்பு முழுவதும் ஓரிரவில் மடியக்கூடும். ஈரம் மிகுந்தால் பூஞ்சணம் தொட்டியை மூடும். ஈரப்பதம் 60 விழுக்காட்டிற்குக் கீழ் இறங்கினால் பல இனங்களின் முட்டைகள் வற்றிப்போகும். இரை மிகுந்தால் இரைவிழுங்கி பின்தங்கும். இரைவிழுங்கி மிகுந்தால் பட்டினியால் ஒன்றையொன்று உண்ணும். கெய்லெட்டஸ் போன்ற வேற்று இரைவிழுங்கிகள் தவிட்டோடு வந்து நுழைவதுண்டு. அவை இரண்டையும் தின்று தீர்க்கும். தவிட்டை வளர்ப்பிற்கு முன் சூடேற்றியோ உறையவைத்தோ தூய்மை செய்வது இதனாலேயே. மேலும் புட்ரசென்ஷியே பையிலிருந்து வெளியேறி வெள்ளரி போன்ற மென்மையான இளந்தளிர்களைச் சேதப்படுத்துவதும் உண்டு. கார்ப்போகிளைஃபசை நோக்கி உற்பத்தியாளர்கள் நகர்ந்ததற்கும், இரையை உறையவைத்து உயிர் போக்கிக் கொடுக்கும் முறைகள் ஆராயப்படுவதற்கும் இது ஒரு காரணம்.

இலங்கைத் தென்னையில் நியோசியூலஸ் பராக்கி

மீண்டும் குரும்பைக்கு வரலாம். இலங்கைத் தென்னைகளில் ஈரியோபைட் சிலந்திப்பேனோடு மிகுதியும் காணப்பட்ட இரைவிழுங்கி நியோசியூலஸ் பராக்கி. தட்டையான, நீண்ட உடல் இதற்கு. நலமான குரும்பையில் இதழ்கள் காயோடு ஒட்டி இறுகியிருப்பதால் ஈரியோபைட்டின் புழுப்போன்ற மெல்லுடல் மட்டுமே நுழைய முடியும். தாக்குண்ட குரும்பையில் இதழுக்கும் காய்க்கும் இடையிலான இடைவெளி சிறிது விரிகின்றது என்பதை ஆராச்சிகே, சபெலிஸ், லெஸ்னா ஆகியோரின் 2007ஆம் ஆண்டு ஆய்வு எடுத்துக்காட்டியது. அந்த விரிவே பராக்கிக்கு வாயில். ஆனால் வாயில் திறப்பதற்குள் பகை பெருகியிருக்கும். இயற்கையில் பராக்கியின் எண்ணிக்கை உயர்வது ஈரியோபைட்டின் எண்ணிக்கை உயர்ந்து, சேதம் விளைந்த பின்னரே. இந்தக் காலப் பிந்தலைக் குறைப்பதற்காகத்தான் வளர்த்து விடுதல் தேவைப்படுகின்றது.

ஈரியோபைட்டை உயிருள்ள தென்னங்குரும்பைக்கு வெளியே பெருக்குவது நடைமுறைக்கு ஒத்துவராது. தோப்பு முழுவதும் தாக்குண்ட காய்களைப் பறித்துவந்து இரைகொடுப்பதும் இயலாது. ஆகவே லுணுவிலையில் உள்ள தென்னை ஆராய்ச்சி நிறுவனத்தார் புட்ரசென்ஷியேயை மாற்று இரையாகக் கொண்டனர். தட்டு வடிவ வளர்ப்புக் களம் ஒன்றை உருவாக்கி அதில் பராக்கியைப் பெருக்கும் முறையை 2010ஆம் ஆண்டு வெளியிட்டனர். அவ்வாறு வளர்த்த பராக்கியைப் பெருந்தொகையாக மரங்களில் விட்டு ஈரியோபைட் குறைவதற்குச் சான்று கண்ட பெர்னாந்து முதலியோரின் கள ஆய்வும் அதே ஆண்டில் வெளிவந்தது. மாற்று இரையில் பிறந்து வளர்ந்த இரைவிழுங்கி, தன் மூதாதையர் தலைமுறைகளாகக் காணாத இயற்கை இரையை மரத்தில் தேடிச் சென்று உண்ணுமா என்னும் ஐயத்திற்கு இவ்வாய்வு நேரடியான விடையளித்தது.

தமிழகத் தோப்புகளின் நிலையில் இம்முறையை எண்ணிப் பார்க்கும்போது இரு கேள்விகள் முன்வந்து நிற்கின்றன. முதலாவது வறட்சி. கடற்கரைத் தோப்பின் ஈரக்காற்று உள்மாவட்டங்களின் கோடைக் காற்றில் இல்லை. இதழ்களுக்கு அடியில் ஈரம் சற்று நிலைக்கும் என்றாலும், பாளையில் விடப்பட்ட பராக்கி அங்குச் சென்று சேரும் வரையிலான பயணம் உலர்ந்த வெளியில்தான். காலையிலோ மாலையிலோ, மழைக்குப் பிந்தைய வாரங்களிலோ விடுவது இதனால் பொருத்தமாகும். இரண்டாவது உயரம். குடைமிளகாய்ச் செடியில் பையைத் தொங்கவிடுபவர் நடந்துகொண்டே அதனைச் செய்துவிடுகிறார். நெட்டை மரத்தின் கொண்டைக்குப் பையைக் கொண்டுசெல்ல மரமேறி வேண்டும். ஏறுவதற்கு ஆள் கிடைக்காமல் காய் பறிப்பே தள்ளிப்போகும் ஊர்களில், இரைவிழுங்கி விடுவதற்கென்று தனியே ஒருவர் ஏறுவது நடவாது. பறிப்பு நாளன்றே, பறிப்பவர் கையிலேயே பை சென்றாக வேண்டும். உயிருள்ள பொருளாதலால் அதனைப் பலநாள் வைத்திருக்கவும் முடியாது. ஆகவே வளர்ப்பறையின் அறுவடை நாள் தோப்பின் பறிப்பு நாளோடு ஒத்துவருமாறு தட்டுகள் முன்கூட்டியே ஏற்றப்பட வேண்டும். நகரத்து ஆய்வகம் ஒன்றைவிட, தோப்புகளுக்கு அருகிலேயே அமையும் சிறு வளர்ப்பறைகள் இதற்கு ஏற்றவை.